எந்தத் தேதியைப் போடுவது?

1

இந்த வருடம் ஏப்ரலில் முதல்முறையாக என் வருமான வரிக் கணக்கை நானே தாக்கல் செய்தேன். ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு, இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சின்ன வேலை, முடித்துவிட்டு வரும் வழியில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன்.

நான் இருப்பது கனடாவில் ரெஜைனா என்கிற ஊர். கோதுமை விளைகிற பெரிய சமவெளியின் நடுவில் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கிற நம் ஆட்களுக்குத் தெருவுக்கு ஒரு தமிழ்க் கடையும் வாரத்துக்கு ஒரு விசேஷமும் உண்டு. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. என் கணவர் இங்கே விவசாய இயந்திரங்கள் செய்கிற ஒரு பட்டறையில் வெல்டராக வேலைக்கு வந்தார். பின்னாலேயே நானும் ஐந்து வயது மகள் கயல்விழியும் வந்து சேர்ந்தோம். பதினான்கு வருடங்கள் ஓடிவிட்டன.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். கயல் வேறு ஊரில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே அவளை 'கே' என்று கூப்பிடுகிறார்களாம். ஒருநாள் நான் போன் செய்தபோது அறைத்தோழி எடுத்து, "கே, உன் அம்மா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை.

என் கணவர் அறந்தாங்கியில் இருக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவருடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனார். மாமியார் போன ஆடியில் இறந்துவிட்டார். என் கணவர் இன்னும் வரவில்லை.

அவர் போன பிறகுதான் நான் வேலைக்குப் போனேன். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிப் பிரிவில் பகுதி நேர வேலை. விடிவதற்கு முன்னால் போய், ராத்திரி பிசைந்து வைத்த மாவைத் தட்டுகளில் அடுக்கி அடுப்புக்குள் தள்ள வேண்டும். கடை திறக்கும்போது எல்லாம் ஆறிப் பொட்டலம் ஆகியிருக்க வேண்டும். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு மறுநாள் விடிகிற வரைக்கும் வாயைத் திறக்க வேண்டிய தேவை இருக்காது.

2

பிப்ரவரியில் கடையில் எல்லாருக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். வருடம் முழுக்க எவ்வளவு சம்பளம் வாங்கினோம், அதில் வரியாக எவ்வளவு பிடித்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் இரண்டு பேருக்கும் சேர்த்து என் கணவர்தான் வரிக் கணக்குப் போடுவார். அவர் விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். போன வருடம்கூட அறந்தாங்கியில் இருந்தபடியே கணினியில் போட்டு முடித்தார்.

என்னோடு வேலை செய்கிற லோர்னா பிலிப்பைன்ஸ்காரி. நான் கேட்டதும் கையை வீசினாள். "நீ பார்ட் டைம். போன வருஷம்தானே சேர்ந்தாய்? நம்மைப் போல கொஞ்சமாகச் சம்பாதிக்கிறவர்களை யார் கேட்கப் போகிறார்கள்? விடு."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வருமான வரி என்றாலே என் நினைவுக்கு வருவது திருக்கோகர்ணத்தில் எங்கள் வீடு. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர். பிப்ரவரி மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை வரிக்குப் பிடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கூடத்தில் ரசீதுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "எல்.ஐ.சி. ரசீது எங்கம்மா?" என்பார். "நீங்கதானங்க பீரோவுல வச்சீங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் கொடுப்பாள். அம்மாவுக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. ஆனாலும் அந்த மாதம் கறி எடுக்காமல் இருப்பதும், பால்காரரிடம் தவணை சொல்வதும் அம்மாதான். வரி என்பது மாதச் சம்பளம் வாங்குகிற ஆண்களுடைய விஷயம், பெண்கள் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியவர்கள் என்று என் மனதில் எப்படியோ பதிந்துவிட்டது.

கயலிடம் போனில் சும்மா சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, யாரு சொன்னது போட வேணாம்னு? நானே காபி ஷாப் வேலைக்குப் போட்டாச்சு. போன்ல ஒரு ஆப், பத்து நிமிஷம். ஒன்கிட்ட ஒவ்வொரு சம்பளத்துலயும் பிடிச்சிருக்காங்கல்ல? நீ ஃபைல் பண்ணாத்தான் அது திரும்பி வரும்."

"எனக்கு அந்த ஆப்பெல்லாம் தெரியாதுடி. நீ வந்து போட்டுக் குடேன்."

"எக்ஸாம் இருக்கும்மா. லைப்ரரில ஃப்ரீயா போட்டுக் குடுப்பாங்க. அங்க போ."

அவளுடைய பேச்சில் இப்போது பாதிதான் தமிழ். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் கரைந்துவிடுகிறது. ஆனாலும் அவள் அப்படி அதட்டியது எனக்குப் பிடித்திருந்தது. யாராவது என்னை அதட்டி வெகுநாள் ஆகியிருந்தது.

3

நூலகத்தின் பின்பக்க அறையில் மேஜைகள் போட்டிருந்தார்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் தன்னார்வலர்கள். எனக்கு முன்னால் படிப்பு விசாவில் வந்திருக்கும் பஞ்சாபிப் பையன்கள் இருந்தார்கள். ஒரு உக்ரைன் குடும்பமும் இருந்தது. எல்லார் கையிலும் என்னிடம் இருப்பது போலவே ஒரு சீட்டு.

என் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் டோரீன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. எழுபது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பேசியது ஆங்கிலம்தான், உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

"முதல் தடவையா?" என்று கேட்டார்.

"என் பெயரில் வருமானம் வந்து இதுதான் முதல் தடவை. பகுதி நேரம்தான். போட வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்."

டோரீன் என் சீட்டை வாங்கிப் பார்த்தார். "வரி பாக்கி இருந்தால் கட்டாயம் போட வேண்டும். உங்களுக்குப் பாக்கி இல்லை, பிடித்ததே அதிகம். போடாவிட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் உங்கள் பணம் அவர்களிடமே கிடக்கும். அரசாங்கம் கொடுக்கிற சின்னச் சின்ன உதவிகளும் நின்றுபோகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் முக்கியமாகப் போட வேண்டும். அவர்களுக்குத்தான் அது தெரிவதில்லை."

எனக்குத் தெம்பு வந்தது. பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் டக்டக்கென்று சொன்னேன். அடுத்த கேள்விக்கு டோரீன் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேரீடா, செப்பரேட்டடா?"

"மேரீட்" என்றேன்.

"கணவரும் வந்திருக்கிறாரா?"

"இல்லை. அவர் இந்தியாவில் இருக்கிறார்."

"எவ்வளவு நாளாக?"

"ஒன்றரை வருடம்."

"ஓ. அப்படியென்றால் செப்பரேட்டடா?"

அவர் அங்கே, நான் இங்கே. தனித்தனியாகத்தானே இருக்கிறோம். "ஆமாம்" என்று தலையாட்டினேன்.

டோரீன் கண்ணாடியைக் கழற்றினார். "ஐ ஆம் சாரி" என்றார். எதற்குச் சாரி சொல்கிறார் என்று புரியாமல் "பரவாயில்லை" என்றேன். பிறகு அவர் கேட்டார்: "எந்தத் தேதியிலிருந்து?"

"அவர் போன தேதியா?"

டோரீன் என் குரலில் எதையோ கவனித்திருக்க வேண்டும். நாற்காலியை என் பக்கம் நகர்த்திக்கொண்டு, சின்ன வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். கணவன் வேலைக்காகவோ, அம்மாவைப் பார்த்துக்கொள்ளவோ வேறு நாட்டில் இருந்தால் அதற்கு இந்த வார்த்தை கிடையாது. எத்தனை வருடம் ஆனாலும் அது கல்யாணம்தான். இனிமேல் சேர்ந்து வாழ்வதில்லை என்று ஆகி, அந்தக் காரணத்துக்காகத் தனியாக இருந்தால்தான் செப்பரேட்டட்.

"உங்களுடையது எது?" என்று கேட்டார்.

என்னிடம் அதுவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நானே கேட்டுக்கொண்டதில்லை. "அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனார்" என்றேன்.

"அம்மா எப்படி இருக்கிறார்?"

"இறந்துவிட்டார். போன கோடையில்."

 பின்னால் வரிசை நீண்டிருந்தது. டோரீன் என் காகிதங்களை அடுக்கி உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. அடுத்த வாரமும் நான் இங்கேதான் இருப்பேன். பேசிவிட்டு வாருங்கள். எந்தப் பதிலாக இருந்தாலும் உண்மையானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன்.

4

அறந்தாங்கியில் என் மாமியார் வீடு இருக்கிற தெருவில் பாதிப் பேர் வீட்டில் புருஷன் இருக்க மாட்டான். துபாய், குவைத், சவூதி என்று எங்காவது இருப்பான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் தெருவே மணக்கும். போனால் மறுபடியும் பெண்டாட்டி வங்கிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தனியாக அலைவாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் சேர்ந்திருந்தது இரண்டு வருடம் தேறாத ஜோடிகளை எனக்குத் தெரியும். அவர்களைப் பிரிந்தவர்கள் என்று சொன்னால் செருப்பு பறக்கும். "அவரு வெளிநாட்டுல இருக்காரு" என்று சொல்வதில் ஒரு கெத்துகூட உண்டு.

எங்கள் விஷயத்தில் அது தலைகீழாக இருந்தது. பெண்டாட்டி வெளிநாட்டில், புருஷன் ஊரில். இதற்குத் தெருவில் பேர் கிடையாது. முதலில் "அம்மாவுக்காக வந்திருக்காரு" என்றார்கள். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் குடிதண்ணீர் கேன் வியாபாரம் ஆரம்பித்ததும் "சும்மா இருக்க முடியாம ஏதோ பண்றாரு" என்றார்கள். மாமியார் இறந்த பிறகு யாரும் எதுவும் சொல்வதில்லை என்று என் தங்கை சொன்னாள்.

சாவுக்கு நான் போகவில்லை. வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, லீவு கேட்கப் பயம். டிக்கெட்டும் ஆனை விலை, குதிரை விலை. அவரே "நீ வர வேணாம்மா, கருமாதி முடிஞ்சதும் நானே வாரேன்" என்று சொல்லிவிட்டார். நான் அவருடைய குளிர்காலப் பூட்ஸைத் துடைத்து வாசலில் எடுத்து வைத்தேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் அவர் கூப்பிடுவார். அங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். கயல் நன்றாகப் படிக்கிறாளா, ஹீட்டர் சரியாக இருக்கிறதா, அங்கே மழை உண்டா என்று பேசுவோம். எப்போது வருகிறீர்கள் என்று கேட்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வருகிறேன் என்று சொல்வதை அவரும் நிறுத்திவிட்டார். நாங்கள் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் இத்தனை நாள் ஓடியிருக்காது.

அந்த வாரம் முழுவதும் ரொட்டித் தட்டுகளைத் தள்ளும்போது டோரீனின் கேள்வி என் கூடவே வந்தது. ஒருநாள் ஒரு தட்டைக் கருக விட்டுவிட்டேன். லோர்னா யாரும் பார்ப்பதற்குள் எடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

5

ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டார். கடையில் இருந்தார் போல. பின்னால் கேன்களை இறக்குகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, கயலு பேசுச்சா?"

"பேசுனா. ஏங்க, ஒரு விஷயம் கேக்கணும். டாக்ஸ் போடப் போயிருந்தேன்."

"நீயா போன? எங்கிட்ட சொல்லியிருந்தா இங்கிட்டு இருந்தே போட்டுவிட்ருப்பேன்ல."

"நான் சம்பாதிச்சது, நான் போடலாம்னு போனேன். அதுல ஒண்ணு கேக்குறாங்க. நாம பிரிஞ்சுட்டமான்னு."

 அவர் சிரித்தார். "அவனுகளுக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சிரிக்காதீங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன். நீங்க அங்க, நான் இங்கன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டு. அப்பறம்தான் அந்தம்மா வெவரமா சொன்னாங்க."

"அப்ப மாத்திச் சொல்லிட்டு வா. கல்யாணம் ஆனவங்கன்னே போடு. இதுல என்ன கெடக்கு?"

"அப்படிப் போட்டா நீங்க இங்க வரணும். இல்ல, நான் அங்க வரணும். சேந்து வாழப்போறது உண்மைன்னாத்தான் அப்படிப் போடணுமாம்."

அவர் யாரிடமோ "நீ பாத்துக்கப்பா, வந்துர்றேன்" என்று சொன்னார். கேன் சத்தம் தள்ளிப் போனது. எங்கோ ஓரமாக வந்து நிற்கிறார் என்று தெரிந்தது.

"நீ வந்துரேன் அமுதா" என்றார். "கயலு காலேஜுக்குப் போயிருச்சு. அங்கிட்டு ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போற? மாடியக்கூட வாடகைக்கு விடாமத்தான் வச்சிருக்கேன்."

ஒன்றரை வருடமாக நான் இதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் கூப்பிட்டால் மறுநாளே பெட்டி கட்டிவிடுவேன் என்றும் நினைத்திருந்தேன்.

"நான் வரலங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஏம்மா?"

"தெரியல. இந்த ஊரு எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு மேல பேச ஆளில்லாம கிறுக்குப் பிடிக்கும். ஆனா காலைல எந்திரிச்சு நானா பஸ் ஏறிப் போறேன். நான் போகலன்னா அங்க அடுப்பு எரியாது. அத விட்டுட்டு வந்து மாடியில உக்காந்துக்கிட்டு, கீழ நீங்க எப்ப சாப்புட வருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது." ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பிறகு கேட்டேன்: "நீங்க வாங்களேன்."

 

"எனக்கு அந்த ஊரு ஒத்துவரல அமுதா. குளிரச் சொல்லல. பட்டறையில மொகத்துல கவசத்த மாட்டிக்கிட்டு நாளெல்லாம் ஒரு வார்த்த பேசாம நிப்பேன். சாயந்தரம் வந்து ஒங்கிட்ட எதையாச்சும் சொல்லணும்னு நெனப்பேன். வீட்டுக்கு வாரதுக்குள்ள சொல்ல வந்ததே மறந்து போயிருக்கும். இங்கிட்டு வந்த மறுநாளு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ஒருத்தரு, 'என்னப்பா இப்புடி எளச்சுட்ட'ன்னு கேட்டாரு. அவரு பேருகூட எனக்கு ஞாபகமில்ல. எனக்கு அழுக வந்துருச்சு."

பதினான்கு வருடத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. ராத்திரி டி.வி. முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அசதி என்று நினைத்துச் சோற்றைக் கொண்டுவந்து கையில் கொடுப்பேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லங்க."

"சொன்னா நீ கெளம்புவோம்னு சொல்லியிருப்ப. கயலு படிப்பு என்னாகுறது?"

நான் அழவில்லை. அழுகை வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பனி உருகி, கார் நிறுத்தும் இடத்தில் குட்டையாகத் தேங்கியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தேதி ஒண்ணு கேக்குறாங்க" என்றேன்.

"என்ன தேதி?"

"எந்த நாளுலருந்து பிரிஞ்சோம்னு."

"நான் கெளம்புன நாளப் போடு."

"அன்னைக்கு நீங்க திரும்பி வாரேன்னுதான போனீங்க. அது பொய்யா?"

"இல்லம்மா. சத்தியமா வாரதாத்தான் இருந்தேன்."

"அப்ப அது இல்ல."

"அம்மா செத்த நாளு?"

"அது அவங்க நாளுங்க. அதுல போயி நம்ம விஷயத்த எழுதக் கூடாது."

இரண்டு பேரும் யோசித்தோம். மகளுக்குப் பெயர் தேடிய நாட்களுக்குப் பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விஷயத்தை இப்படி யோசித்தது அன்றைக்குத்தான்.

"கருமாதிக்கு மறுநாளப் போடு" என்றார் கடைசியில்.

"ஏன் அது?"

"அன்னைக்குக் காலைல ஒனக்கு போன் பண்ணி, டிக்கெட் போடப் போறேன்னு சொன்னேன்ல. டிராவல்ஸ் கடை வரைக்கும் போனேன். வாசல்ல செருப்பக் கழட்டுனேன். உள்ள அந்தப் பய 'வாங்க சார், எங்க போகணும்'னு கேட்டான். மறுபடியும் செருப்ப மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். ஒங்கிட்ட பிளைட்டுல சீட்டு இல்லன்னு சொன்னேன். அன்னைக்குத்தான் அமுதா. வேற நாளு இல்ல."

அந்தத் தேதியைக் காலண்டரில் தேடிப் பார்த்தேன். அன்று நான் காலை வேலை முடித்து வந்து, அவர் பீரோவில் இருந்த சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன்.

6

டோரீன் சொன்னபடியே இருந்தார். நான் உட்கார்ந்ததும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். "செப்பரேட்டட்" என்றேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து சொன்னேன். தேதியையும் சொன்னேன். அவர் அதைத் தட்டிவிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்லித் திரையை என் பக்கம் திருப்பினார். வரிசை வரிசையாக எண்கள். நடுவில் அந்த நாளும் ஒரு எண்ணாக உட்கார்ந்திருந்தது.

"இனி எல்லாக் கடிதமும் உங்கள் பெயருக்கு மட்டும் வரும்" என்றார். அடுத்த வருடம் நானே போட விருப்பமா என்று கேட்டார். எப்படி என்று காட்டினார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தை யாரும் விரல் வைத்துக் காட்டாமல் நானே இடம் பார்த்துப் போட்டேன்.

வெளியே பஸ் வரக் காத்திருக்கும்போது கயலுக்கு போன் செய்தேன். எப்படிச் சொல்வது என்று தமிழில் வார்த்தை தேடினேன். "அப்பாவும் நானும்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அப்பா போன கிறிஸ்மஸ்லயே சொன்னாரு, திரும்பி வர மாட்டேன்னு. ஒன்கிட்ட அவரே சொல்றேன்னாரு. நான் சொல்லக் கூடாதுன்னு..." அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. ஆங்கிலத்துக்கு மாறி வேகவேகமாகப் பேசினாள். தூங்க முடியவில்லை, என்னிடம் பேசும்போதெல்லாம் பயமாக இருந்தது, அதனால்தான் அடிக்கடி கூப்பிடவில்லை என்றாள். எனக்குப் பாதி புரிந்தது. பாதி புரியாவிட்டாலும் அழுகிறாள் என்பது புரிந்தது. ஊரை மறந்து, என்னை மறந்து, 'கே' ஆகிவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் பிள்ளை இதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது.

"விடு. எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன். "நீ சாப்புட்டுட்டுப் படி."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் வந்து உட்காரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிடவில்லை. போனை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டு சமைத்தேன். ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை. சாம்பார் மூன்று நாளைக்கு இருந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கூடுதலாக ஒரு ஷிப்ட் கேட்கலாமா என்றும் யோசித்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு போன் அடித்தது.

"வேலையா இருக்கியா?" என்றார். குரல் புது ஆளுடையது போல இருந்தது.

"இல்ல, சொல்லுங்க."

"சும்மாதான். போன தடவ ஆடிட்டரு நம்ம கடைக்குப் போட்ட ரிட்டன் பேப்பர எடுத்துப் பாத்தேன். நீ சொன்னியேன்னு." தொண்டையைச் செருமினார். "இங்கிட்டு அதுல பொண்டாட்டி இருக்காளான்னு ஒரு எடத்துலயும் கேக்கல அமுதா. மொதல்லருந்து கடைசி வரைக்கும் பாத்துட்டேன்."

 அவருடைய ஊரில் அவர் எதையும் சொல்ல வேண்டியதில்லை. என்னுடைய ஊரில் நான் சொல்லிவிட்டேன்.

"யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?" என்றார்.

"அவ கனடாவுல இருக்கான்னு சொல்லுங்க. நெசம்தான?"

"நெசம்தான்."

கயலைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். கோடை விடுமுறையில் அவளை அறந்தாங்கிக்கு அனுப்பி வைக்கச் சொன்னார். அனுப்புகிறேன் என்றேன். அங்கே வெயில் இப்போதே தீயாக அடிக்கிறது, கேன் போதவில்லை என்றார். இங்கே மரங்களில் இன்னும் ஒரு இலை வரவில்லை என்றேன். வழக்கமாகப் பேச்சு முடிந்தால் "சரி, வைக்கிறேன்" என்று அவரே வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம கூப்புடட்டுமா?" என்று கேட்டார்.

எங்கள் கல்யாணத்துக்கோ, கனடாவுக்கு வந்ததற்கோ, அவர் திரும்பிப் போனதற்கோ யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கூப்புடுங்க" என்றேன்.